மேயோ–லூயிஸ் சமன்பாட்டில் சங்கிலி நீளம் ஏன் இல்லை?

கேள்வி – 2023 ஜூலை 4, இரவு 9.15

அக்கா, வகுப்பில் மேயோ–லூயிஸ் சமன்பாட்டை முடித்தோம். மோனோமர் (சங்கிலியாகக் கோக்கும் சிறு மூலக்கூறு) விகிதமும் இரண்டு வினைத்திறன் விகிதங்களும் (சங்கிலி முனை தன் இன மோனோமரை மற்றதைவிட எத்தனை மடங்கு வேகமாகச் சேர்க்கும் என்ற எண்கள்) உள்ளே போகின்றன, கோபாலிமரின் (இரண்டு மோனோமரும் கலந்த சங்கிலியின்) இயைபு, அதாவது எந்த அலகு எவ்வளவு என்பது, வெளியே வருகிறது. சங்கிலி 10 அலகா 1000 அலகா என்று அது கேட்பதே இல்லை. அப்படியானால் ராடிகல் (இணை சேராத எலக்ட்ரான் உள்ள துணுக்கு) வழியாக வளரும் கோபாலிமரில் சங்கிலி நீளத்துக்கும் இயைபுக்கும் சம்பந்தம் இல்லை என்றுதானே பொருள்? எங்கள் குழுவில் ஒருவர் மட்டும் மறுக்கிறார். காரணம் கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

ஜூலை 4, இரவு 11.05

மறுத்தவர் பக்கம்தான் நானும்.

சமன்பாடு நீளத்தைக் கேட்காததற்குக் காரணம், சங்கிலி நீளமானது என்று முதல் வரியிலேயே வைத்துக்கொண்டுதான் அது பிறக்கிறது. 1944இல் மேயோவும் லூயிஸும் செய்ததை ஒருமுறை கையால் எழுதிப் பாருங்கள், தம்பி. ஸ்டைரீன் முனையுள்ள ராடிகல் ஒன்று, எம்எம்ஏ (மெத்தில் மெத்தாக்ரிலேட்) முனையுள்ள ராடிகல் ஒன்று. ஸ்டைரீன் முனை எம்எம்ஏ முனையாக மாறும் வேகமும், எம்எம்ஏ முனை ஸ்டைரீன் முனையாகத் திரும்பும் வேகமும் சமம் என்று ஒரு வரி வரும். அந்த வரியில்தான் நீளம் மறைந்துபோகிறது.

ஒரே ஒரு சங்கிலியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இந்தப் பக்க மாற்றங்களும் அந்தப் பக்க மாற்றங்களும் அதிகபட்சம் ஒன்றுதான் வித்தியாசப்படும், ஏனென்றால் போனால்தான் திரும்ப முடியும். 1000 அலகுச் சங்கிலியில் அந்த ஒன்று தூசு. 5 அலகுச் சங்கிலியில் அந்த ஒன்று பெரிய விஷயம். முதல் அலகை யார் தேர்ந்தெடுத்தார்கள், கடைசி அலகில் எது நின்றது என்ற இரண்டையும் சமன்பாடு கணக்கில் எடுப்பதில்லை.

ஜூலை 5, காலை 7.50

சிங்கப்பூரில் பூன் லே போகும் ரயிலில் எழுதுகிறேன். இன்னும் எளிதாகச் சொல்ல ஒரு வழி தோன்றியது.

தேக்காவில் பூக்கட்டும் அம்மாக்களைப் பார்த்திருப்பீர்கள். மல்லிகையும் கனகாம்பரமும் கலந்து கட்டுகிறார்கள். ஒருவருக்கு எப்போதும் கனகாம்பரத்தில் தொடங்கும் பழக்கம் என்று வையுங்கள். பத்து முழச் சரத்தில் அந்தப் பழக்கம் கண்ணுக்கே தெரியாது. அதே கை விரலளவு துண்டுகளாகக் கட்டினால், கூடையில் கனகாம்பரம் சீக்கிரம் தீர்ந்துவிடும். கூடையில் இருந்த விகிதமும் மாறவில்லை, கட்டும் கையும் மாறவில்லை. துண்டின் நீளம் மட்டும்தான் மாறியது.

பாலிமரில் அந்தத் 'தொடங்கும் பழக்கம்' துவக்கியிடமோ (முதல் ராடிகலைத் தருவது) சங்கிலி மாற்றியிடமோ (வளரும் சங்கிலியை நிறுத்திப் புதியதைத் தொடங்குவது) இருக்கிறது. பென்சாயில் பெராக்சைடு உடைந்து வரும் பென்சாயிலாக்சி ராடிகல் எம்எம்ஏவைவிட ஸ்டைரீனையே அதிகம் நாடும். மெர்கேப்டன் என்ற சங்கிலி மாற்றியிலிருந்து வரும் கந்தக ராடிகலுக்கும் அந்தச் சாய்வு உண்டு. வளரும் சங்கிலியின் வினைத்திறன் விகிதங்களுக்கும் இந்த விருப்பத்துக்கும் தொடர்பு கிடையாது. இவை வேறு ராடிகல்கள், வேறு குணம்.

ஜூலை 5, இரவு 10.20

எண்ணில் காட்டுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். சரி.

ஸ்டைரீன்–எம்எம்ஏ, 60 பாகை செல்சியஸ். வினைத்திறன் விகிதங்கள் 0.52, 0.46. மோனோமர்கள் சமமாக, பாதிக்குப் பாதி. நீண்ட சங்கிலியில் ஸ்டைரீன் 51 சதவீதம் வரும். எல்லாச் சங்கிலியும் ஸ்டைரீனில்தான் தொடங்குகிறது என்று எல்லைக்குப் போய்ப் பார்ப்போம். 10 அலகில் முதல் அலகு ஸ்டைரீன், மீதி ஒன்பதும் 51 சதவீதம். சராசரி 55.9. 5 அலகானால் 60.8.

ஜூலை 6, காலை 6.30

நேற்று எழுதியது தப்பு. படுத்த பிறகுதான் உறைத்தது.

மீதி ஒன்பதும் 51 சதவீதம் என்று வைத்தது பிழை. ஸ்டைரீன் முனைக்கு எம்எம்ஏ மீதுதான் விருப்பம் அதிகம், 0.52 என்பதன் பொருளே அதுதானே. முதல் அலகு ஸ்டைரீன் என்றால் இரண்டாவது அலகு ஸ்டைரீனாக இருக்கும் வாய்ப்பு 34 சதவீதம்தான். மூன்றாவது 57, நான்காவது 49, ஐந்தாவது 52. ஊஞ்சல் நிற்பதுபோல இப்படியும் அப்படியும் ஆடி 51இல் அடங்குகிறது. கூட்டிச் சராசரி எடுத்தால்:

5 அலகு: 58.3 சதவீதம்
10 அலகு: 54.6
100 அலகு: 51.4

ஆக, முதல் அலகின் சாய்வை இரண்டாவது அலகு ஓரளவு ஈடுகட்டிவிடுகிறது. இது இந்த ஜோடிக்கு மட்டும் உரியதல்ல. இரண்டு வினைத்திறன் விகிதங்களையும் பெருக்கினால் ஒன்றுக்குக் கீழே வரும் ஜோடிகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும், ராடிகல் முறையில் பெரும்பாலானவை அப்படித்தான். பெருக்கல் தொகை ஒன்றானால் ஈடுகட்டல் இல்லை, முதல் அலகின் சாய்வு முழுதாக நிற்கும். பூஜ்ஜியத்தை நெருங்கி இரண்டும் மாறி மாறியே வந்தால் பாதியாகக் குறையும். எப்படியானாலும் அந்தச் சாய்வைச் சங்கிலி நீளத்தால் வகுத்ததுதான் சராசரியில் தெரியும் விலகல். 100 அலகுக்கு மேல் அதைத் தேடுவது வீண் வேலை, 10 அலகில் விட்டுவிடுவதும் தப்பு.

ஜூலை 6, இரவு 9.40

"54.6க்கும் 51க்கும் என்ன பெரிய வித்தியாசம்?" என்ற கேள்விக்கு.

சராசரியை மட்டும் பார்ப்பவருக்குப் பெரிய வித்தியாசம் இல்லைதான். ஆனால் நீளம் செய்யும் பெரிய வேலை சராசரியில் இல்லை, சங்கிலிக்குச் சங்கிலி உள்ள வேறுபாட்டில் இருக்கிறது. ஸ்டாக்மேயர் 1945இலேயே இதைக் கணக்கிட்டுவிட்டார். ஒரே நொடியில், ஒரே கலவையில், ஒரே விதிப்படி பிறந்த சங்கிலிகள்கூட இயைபில் ஒன்றுபோல இருக்காது. அந்தப் பரவல் நீளத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் போகும். மேலே சொன்ன ஸ்டைரீன்–எம்எம்ஏவில் 1000 அலகுச் சங்கிலிகள் 51ஐ ஒட்டி ஒரு சதவீதம் முன்னே பின்னே நிற்கும். 10 அலகுச் சங்கிலிகளில் அது 11 சதவீதம். 40 சதவீத ஸ்டைரீனும் 62 சதவீத ஸ்டைரீனும் ஒரே குடுவைக்குள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்.

இதற்காக நான் மூன்று மாதம் அலைந்தேன். நாளை எழுதுகிறேன், அது நீளம்.

ஜூலை 8, மதியம் 2.10

சனிக்கிழமை, நேரம் இருக்கிறது.

பல வருடங்களுக்கு முன், துவாஸில் ஒரு ரெசின் ஆய்வுகூடத்தில் வேலை. இரண்டு பாகப் பாலியூரிதேன் பூச்சுக்கான அக்ரிலிக் ரெசின். ஸ்டைரீன், பியூட்டைல் அக்ரிலேட், அப்புறம் ஓஎச் (ஹைட்ராக்சில்) தருவதற்கு ஹைட்ராக்சிஎத்தில் மெத்தாக்ரிலேட், அதை எல்லோரும் ஹெமா என்போம். பூசும்போது ஐசோசயனேட் கலப்போம், அது ஓஎச்களைப் பிடித்து வலை பின்னும்.

கரைப்பானைக் குறைக்கச் சொன்னார்கள். கரைப்பான் குறைந்தால் ரெசின் கெட்டியாகும், கெட்டியாகாமல் இருக்கச் சங்கிலியைக் குட்டையாக்க வேண்டும். டோடெசில் மெர்கேப்டனை அதிகமாக்கினேன். சுமார் 40 அலகு இருந்த சங்கிலி சுமார் 10 அலகானது. ஹெமா அதே 20 மோல் சதவீதம். டைட்ரேஷனில் ஓஎச் எண் (ரெசினில் எவ்வளவு ஓஎச் என்ற அளவு) பழைய ரெசினை ஒட்டியே வந்தது. எல்லாம் சரி.

படலம் மட்டும் சரியில்லை. எம்இகே என்ற கரைப்பானில் நனைத்த துணியால் தேய்த்தால், பழையது 200 தேய்ப்பைத் தாங்கும், புதியது 50க்குள் மங்கிவிடும். நகத்தால் கீறினால் தடம் விழும்.

இந்த ஊரில் முதல் சந்தேகம் ஈரப்பதத்தின் மேல்தான் போகும். ஐசோசயனேட் தண்ணீரைப் பிடித்தால் யூரியா உண்டாகும், கரியமிலவாயு குமிழி விடும், ஓஎச்சுக்குப் பங்கு குறையும். மழை நாளில் பூசினோம், வெயில் நாளில் பூசினோம், உலர்த்திய அறையில் பூசினோம், கரைப்பானை மாற்றினோம், ஐசோசயனேட்டை 10 சதவீதம் கூட்டினோம். பலன் இல்லை. வினையூக்கியைக் கூட்டினேன், சீக்கிரம் காய்ந்தது, அதே மென்மை.

கடைசியில் காய்ந்த படலத்தை உரித்து ஒரு நாள் அசிட்டோனில் ஊற வைத்தேன். பழைய படலத்தில் கிட்டத்தட்ட எதுவும் கரையவில்லை. புதியதில் கரைந்து வந்ததைக் காயவைத்து எடுத்தால், தட்டின் அடியில் தேன்போல ஒட்டிக்கொண்டு ஒன்று மிஞ்சியது. அதை என்எம்ஆரில் (எந்த அலகு எவ்வளவு என்று நிறமாலையில் காட்டும் கருவி) போட்டேன். ஸ்டைரீன் இருக்கிறது, பியூட்டைல் இருக்கிறது, ஹெமா இல்லை என்றே சொல்லலாம்.

அந்த நிறமாலையைப் பார்த்தபடி நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஹெமா மொத்தத்தில் 20 சதவீதம் சரியாக இருக்கிறது. ஆனால் ஒரு ஹெமாகூட வாய்க்காத சங்கிலிகளும் இருக்கின்றன. அவை வலையில் சேர வழியே இல்லை. உள்ளே கிடந்து படலத்தை இளக்கிக்கொண்டிருந்தன.

ஜூலை 8, மாலை 5.30

கணக்கு எளியது. ஒவ்வோர் அலகும் ஹெமா அல்லாததாக இருக்கும் வாய்ப்பு 0.8. பத்து அலகும் அப்படியே அமைய 0.8ஐப் பத்து முறை பெருக்கினால் 0.107. பத்தில் ஒரு சங்கிலி வெறுங்கை. 40 அலகுக்கு அது பத்தாயிரத்தில் ஒன்றுதான்.

(வினைத்திறன் விகிதங்களைப் பார்க்காமல், சீட்டுக் குலுக்கியதுபோலச் சேருகின்றன என்று வைத்த கணக்கு இது. இந்த அளவுக்கு அது போதும்.)

ஜூலை 9, காலை 11.00

ஒருவர் தனியாக எழுதி ஒரு குறை காட்டினார், நியாயமான குறை. எல்லாச் சங்கிலியும் சரியாக 10 அலகு என்று நான் வைத்துவிட்டேன். சாதாரண ராடிகல் முறையில் 10 என்பது சராசரி மட்டுமே, 2, 3 அலகிலேயே முடிந்தவையும் இருக்கும், 30 போனவையும் இருக்கும். குட்டையானவைதான் அதிகம் வெறுங்கையாக நிற்கும்.

நீளப் பரவலையும் சேர்த்துத் திரும்பப் போட்டேன். எண்ணிக்கையில் 28.6 சதவீதம் வெறுங்கை, 10.7 இல்லை. ஆனால் அவை குட்டையானவை என்பதால் எடையில் 10.2 சதவீதம்தான். சராசரி 40 அலகு ரெசினில் எண்ணிக்கையில் 9, எடையில் 1 சதவீதம். ஆகவே முந்தைய குறிப்பில் பத்தாயிரத்தில் ஒன்று என்றதை அடித்துவிடுங்கள். அது மிகவும் தாராளமான கணக்கு.

எடையில் 1 சதவீதம் 10 சதவீதமானது. எனக்கு அசிட்டோனில் கரைந்தது அதுதான்.

இன்னொரு கூட்டத்தையும் மறக்க வேண்டாம். ஒரே ஒரு ஓஎச் உள்ள சங்கிலிகள். அவை வலையில் தொங்கும், ஆனால் வலையைக் கட்டாது. சராசரி 10 அலகில் அவை எடையில் இன்னொரு 16 சதவீதம். இரண்டையும் சேர்த்தால், ரெசினில் கால் பங்கு எடைக்கு வலையைத் தாங்கும் வேலையே இல்லை. ஓஎச் எண் சரியாக வந்தும் படலம் மென்மையாக நின்றதற்கு இதைவிட வேறு காரணம் தேடத் தேவை இல்லை.

ஜூலை 9, இரவு 8.15

எப்படிச் சரி செய்தீர்கள் என்று கேட்டதற்கு: டோடெசில் மெர்கேப்டனில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு மெர்கேப்டோஎத்தனால் போட்டேன். சங்கிலி குட்டையாக இருப்பதே மெர்கேப்டனால்தான் என்பதால், பெரும்பாலான சங்கிலிகளின் தலையில் அதன் துண்டுதான் உட்கார்ந்திருக்கும். அந்தத் துண்டிலேயே ஓஎச் இருந்தால், ஹெமா வாய்க்காத சங்கிலிக்கும் ஒரு பிடி கிடைக்கும். பிடி ஒன்றுதான் என்றால் அது தொங்கத்தான் செய்யும், ஆனால் ஓடிவிடாது. ஹெமா ஒன்று மட்டும் இருந்த சங்கிலிக்கு இப்போது இரண்டு பிடி, அது வலையில் சேர்ந்துவிடும். தேய்ப்பு 150ஐத் தாண்டியது. நாற்றம் மட்டும் தாங்க முடியாது, கையுறையைக் கழற்றிய பிறகும் இரவுச் சாப்பாட்டில் அந்த வாடை வரும். ஃப்யூம் ஹூட்டுக்கு வெளியே அதன் மூடியைத் திறக்காதீர்கள், அது நச்சும்கூட.

ஜூலை 13, இரவு 10.45

வேறொருவர், "முதல் சில சேர்ப்புகள் வேகமாக நடக்குமாமே, அதனால் இயைபு மாறாதா?" என்கிறார். நல்ல கேள்வி, ஆனால் இரண்டு விஷயம் இதில் கலந்துவிட்டது.

வளர்ச்சி வேகம் நீளத்தைப் பொறுத்தது என்பது உண்மை. முதல் ஓரிரு சேர்ப்புகள் நீண்ட சங்கிலியைவிடப் பல மடங்கு வேகமாக நடக்கும், சில அலகுகளுக்குள் அது அடங்கிவிடும். ஆனால் இயைபைத் தீர்மானிப்பது வேகமல்ல, இரண்டு மோனோமர்களுக்கும் இடையிலான வேக விகிதம். இரண்டையும் ஒரே மடங்கு வேகமாக்கினால் சரத்தில் பூக்களின் வரிசை மாறாது, சீக்கிரம் கட்டி முடியும், அவ்வளவுதான்.

1985இல் ஃபுகுடா குழு ஸ்டைரீன்–எம்எம்ஏவில் காட்டியதும் இதற்குப் பக்கத்து வீட்டு விஷயம். மேயோ–லூயிஸ் இயைபை அழகாகச் சொல்கிறது, அதே எண்களை வைத்து வேகத்தைக் கணக்கிட்டால் பொருந்தவே இல்லை. முனைக்கு முந்தைய அலகும் வேகத்தை மாற்றுகிறது, ஆனால் இரண்டு மோனோமருக்கும் ஒரே அளவில் மாற்றுவதால் இயைபில் தடம் விடுவதில்லை. இயைபு பொருந்துகிறது என்பதற்காக மாதிரி முழுதும் சரி என்று நம்பக் கூடாது என்று நான் கற்றது அங்கேதான்.

ஜூலை 15, மாலை 4.00

என் முதுகலைக் காலத்து ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன், தம்பிக்கு உதவும்.

ராஃப்ட் முறையில் (சங்கிலிகளை ஒன்றாக வளர வைக்கும் ராடிகல் முறை) ஸ்டைரீன்–எம்எம்ஏ செய்துகொண்டிருந்தேன். சங்கிலிகளை நீளவாரியாகப் பிரிக்கும் எஸ்இசியில் இரண்டு கண்டறிவான், ஒன்று ஒளிவிலகல், மற்றது 254 நானோமீட்டர் புற ஊதா. ஸ்டைரீனின் பென்சீன் வளையம் புற ஊதாவில் தெரியும், எம்எம்ஏ அவ்வளவாகத் தெரியாது. ஒன்றை மற்றதால் வகுத்தால் எந்த நீளத்தில் எவ்வளவு ஸ்டைரீன் என்று வந்துவிடும். குட்டைப் பக்கத்தில் ஸ்டைரீன் ஏறிக்கொண்டே போனது. நீளம் இயைபை மாற்றுவதைக் கண்ணால் கண்டுவிட்டேன் என்று அன்று மிகவும் மகிழ்ந்தேன்.

என் பாலிமர் ரோஜா நிறத்தில் இருந்தது. அது ராஃப்ட் காரணி சங்கிலியில் விட்டுவைக்கும் டைதயோபென்சோவேட் முனையின் நிறம். அந்த முனையும் புற ஊதாவில் தெரியும், அதிலும் ஒரு பென்சீன் வளையம் உண்டு. சங்கிலிக்கு ஒரு முனை, எனவே குட்டைச் சங்கிலியில் முனையின் பங்கு அதிகம். நான் பார்த்தது முனையை, ஸ்டைரீனை அல்ல. அதிக ஏஐபிஎன் (ஒரு துவக்கி) போட்டுச் சூடாக்கி முனையை எடுத்தேன், ரோஜா நிறம் போனது, ஏற்றத்தில் பெரும்பகுதியும் அதோடு போனது.

உங்களுக்கும் இது வரும். என்எம்ஆரில் டோடெசில் முனையின் 25 ஹைட்ரஜன்களும் பியூட்டைல் அக்ரிலேட்டின் பக்கத்தில்தான் வந்து விழும். 10 அலகுச் சங்கிலியில் அதைக் கழிக்காமல் பியூட்டைலை எண்ணினால் இயைபு தப்பாகத்தான் வரும். குட்டைச் சங்கிலியில் முனை என்பது ஓர் ஓரம் அல்ல, அதுவும் ஓர் உறுப்பினர்.

ஜூலை 16, காலை 9.20

நேற்றைய குறிப்பில் ஒன்றை விட்டுவிட்டேன். ராஃப்டில் நீளம் என்பது நேரமும்கூட. எல்லாச் சங்கிலியும் கிட்டத்தட்ட ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக வளர்கின்றன. ஒரு மோனோமர் முன்னதாகத் தீர்ந்தால், சங்கிலியின் தலைப்பகுதியில் ஓர் இயைபும் வால்பகுதியில் இன்னொன்றும் இருக்கும். சாதாரண ராடிகல் முறையில் ஒரு சங்கிலி பொதுவாகச் சில நொடிகளில் பிறந்து முடிந்துவிடும், ஆகவே அதே மாற்றம் காலைச் சங்கிலிக்கும் மாலைச் சங்கிலிக்கும் இடையிலான வேறுபாடாக வரும். நீளத்தோடு இயைபு மாறுகிறது என்று யாராவது சொன்னால், முதலில் எந்த முறை, எவ்வளவு மோனோமர் தீர்ந்த பிறகு எடுத்தது என்று கேளுங்கள்.

ஜூலை 22, இரவு 11.30

இதுவரை நான் சொன்னதெல்லாம் முனையின் வேலை, வாய்ப்பின் வேலை. 100 அலகுக்கு மேல் தேடுவது வீண் என்று 6ஆம் தேதி எழுதினேன். அதைத் திருத்த வேண்டும். நீண்ட சங்கிலியிலும் நீளம் இயைபைத் தொடும் ஒரு வழி உண்டு.

1987இல் ஹார்வுட் ஒன்றைக் கவனித்தார். சில மோனோமர் ஜோடிகளைக் கரைப்பான் மாற்றிச் செய்தால் இயைபு மாறுகிறது. ஆனால் ஒரே இயைபுள்ள கோபாலிமர்களை எடுத்தால், எந்தக் கரைப்பானில் செய்திருந்தாலும் உள்வரிசை ஒன்றாகவே இருக்கிறது. அவர் தந்த விளக்கம்: வளரும் சங்கிலியே தன்னைச் சுற்றி எந்த மோனோமர் கூடும் என்பதைத் தீர்மானிக்கிறது. குடுவையில் ஊற்றிய விகிதம் வேறு, சங்கிலிச் சுருளுக்குள் இருக்கும் விகிதம் வேறு. சமன்பாடு சரி, அதில் போடும் மோனோமர் விகிதம்தான் தப்பு.

சுருள் என்று ஒன்று இருக்கச் சங்கிலிக்கு நீளம் வேண்டும். ரஷ்யாவில் செம்சிகோவும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1990 வாக்கில் இதைத்தான் எடுத்துக்கொண்டார்கள். மூலக்கூறு எடையை மாற்றினால் இயைபு மாறுகிறது என்று காட்டி, மோனோமர்களில் ஒன்றைச் சங்கிலி கூடுதலாகத் தன்னிடம் இழுத்துக்கொள்வதைக் காரணமாகச் சொன்னார்கள். ஸ்டைரீன்–எம்எம்ஏபோல இரண்டு மோனோமரும் குணத்தில் நெருங்கியிருந்தால் இதை எதிர்பார்க்க வேண்டாம். ஒன்று அமிலமாகவோ நீரை நாடுவதாகவோ இருந்து மற்றது எண்ணெய்ப் பக்கம் நின்றால், அப்போது தேடுங்கள்.

ஹெமாவுக்கு அந்தக் குணம் உண்டு. ஓஎச் ஓஎச்சைத் தேடும். 8ஆம் தேதி சீட்டுக் குலுக்கியதுபோல என்று அடைப்புக்குறிக்குள் போட்டுக் கடந்துபோனேன். ஹெமா ஹெமாவோடு கூடினால், சில சங்கிலிகளுக்கு நிறையவும் சிலவற்றுக்கு ஒன்றுமில்லாமலும் போகும். வெறுங்கைகள் நான் சொன்ன எண்ணைவிடக் கூடத்தான் செய்யும்.

ஆகஸ்ட் 9, மதியம் 12.40

விடுமுறை நாளில் தம்பியின் செய்தி வந்தது. சராசரி 10 அலகு, ஹெமா 30 சதவீதம் என்று மாற்றிக் கணக்கிட்டதில் எடையில் 5.1 சதவீதம் வெறுங்கை வந்ததாம், சரியா என்று கேட்கிறார். எனக்கும் 5.1தான் வருகிறது. குழுவில் மறுத்த அந்த நண்பரிடமும் காட்டுங்கள். அடுத்து ஒரு படலம் பூசி, உரித்து, எடை போட்டு, அசிட்டோனில் ஒரு நாள் ஊற வைத்துத் திரும்ப எடை போடுங்கள். ஊற வைக்குமுன் முழுதாகக் காய்ந்ததா என்று பாருங்கள். ஐசோசயனேட் மிச்சமிருந்தால் இந்த ஊர்க் காற்றிலேயே அது தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், எடை குழப்பும்.